நாற்காலியைப் பிரித்துக் கொடுத்த அமைச்சர்

உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்தவர்களில் எத்தனை பேரை உங்களுக்கு நினைவிருக்கிறது? எந்த மாநிலத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் நினைவிருந்தாலும் கட்சியில் அவருக்கிருந்த செல்வாக்குக்காகத்தான் இருக்கும். ரோடு, குடிநீர், தெருவிளக்கு, ஒப்பந்தம் என்று பணம் புரளும் துறை அது. கட்சியில் கனமான ஆளுக்குத்தான் கிடைக்கும். கிடைத்தபின் யாரும் அதிலிருந்து ஒரு துண்டைக்கூட வெளியே விடமாட்டார்கள். ஊராட்சிகளை வலுப்படுத்துவோம் என்று மேடையில் பேசிவிட்டு, ஒரு சாக்கடை கட்டும் கோப்பைக்கூடத் தலைமைச் செயலகத்துக்கு வரவழைப்பவர்களே அதிகம்.

இதற்கு நேர்மாறான ஒருவர் நமக்கு வெகு பக்கத்தில் இருந்தார். கூடலூரிலிருந்து முதுமலை, பந்திப்பூர் காட்டைத் தாண்டி மைசூர் போகிறவர்களுக்கு முதலில் வரும் பெரிய ஊர் குண்டலுப்பேட்டை. டீ குடிக்கவும் பெட்ரோல் போடவும் நம்மவர்கள் நிற்கும் ஊர். ஆடி, ஆவணியில் சாலையின் இரு பக்கமும் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூத்திருக்கும். காரை ஓரங்கட்டிவிட்டுப் படம் எடுப்பார்கள். இரவு ஒன்பது மணிக்குக் காட்டுப்பாதையை மூடிவிடுவார்கள் என்பதால் திரும்பும்போது எல்லோருக்கும் அவசரம். அந்த ஊர்க்காரர்தான் அப்துல் நசீர் சாப். 1983இல் ராமகிருஷ்ண ஹெக்டே முதல்வரானபோது கர்நாடகத்தின் கிராம வளர்ச்சி, பஞ்சாயத்து ராஜ் துறை அமைச்சரானவர். 1988 அக்டோபரில் புற்றுநோயால் இறந்துபோனார். இடையில் கிடைத்த ஐந்து வருடத்துக்குள் அவர் செய்துவிட்டுப் போனதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் என் பார்வை அலுவலக மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்ததுதான். அதிகாரப் பரவலாக்கம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் மூன்று கேள்விதான் வரும்: கையெழுத்து யாருடையது, மாறுதல் உத்தரவு யார் போடுவது, கூட்டத்தில் யார் எங்கே உட்காருவது. இந்த மூன்றையும் தொடாத பரவலாக்கத்தை நான் நம்புவதில்லை. நசீர் சாப் மேல் எனக்கு மரியாதை வந்ததற்குக் காரணம், அவர் இந்த மூன்றிலும் கைவைத்தார் என்பதுதான்.

ஆனால் கர்நாடக கிராமங்களில் அவரைச் சட்டத்துக்காக நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. தண்ணீருக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். எண்பதுகளில் கர்நாடகத்தில் அடுத்தடுத்து வறட்சி. ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு தோண்டி அடிபம்பு வைப்பதை நசீர் சாப் வெறியோடு செய்தார். மக்கள் அவர் பெயரையே கொஞ்சம் திருப்பி ‘நீர் சாப்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் வயதானவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்த அடிபம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் நம் ஊருக்கும் பங்குண்டு. இந்தியா முழுக்கப் பரவிய ‘இந்தியா மார்க் 2’ பம்பு யுனிசெஃப் உதவியோடு எழுபதுகளில் உருவானது. மெட்ராஸில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் தொழிற்சாலைக்கு அதைச் செய்ததில் பெரிய பங்கு. முதல் மாதிரிகளைக் கோவை மாவட்டத்துக் கிராமங்களில்தான் வைத்துச் சோதித்தார்கள். 250 பேருக்கு ஒரு பம்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்பது அரசுக் கணக்கு. அதாவது ஒரு பம்பு தினமும் 10,000 லிட்டர் இறைக்க வேண்டும். காலை நாலு மணிக்கே குடத்தோடு பெண்கள் வரிசையில் நின்று, இரவு பத்து மணிவரை டங்கு டங்கென்று அடித்துக்கொண்டே இருந்தால் எந்த இரும்புதான் தாங்கும்?

பழுது எங்கே வரும் என்றால், மேலே கைப்பிடியிலோ சங்கிலியிலோ வருவது சின்னப் பழுது. ஒரு ஸ்பேனர் இருந்தால் ஊர்ப் பையனே பார்த்துவிடுவான். பெரிய தலைவலி கீழே, சிலிண்டருக்குள் இருக்கும் தோல் வாஷர். உள்ளங்கையில் அடங்கும் சாமான், விலை சில ரூபாய். அது தேய்ந்தால் தண்ணீர் ஏறாது. அதை மாற்ற வேண்டுமானால் கிணற்றுக்குள் இறங்கியிருக்கும் ஜி.ஐ. இரும்புக் குழாய் மொத்தத்தையும் தூக்க வேண்டும். ஒவ்வொரு குழாயும் மூன்று மீட்டர் நீளம். நூறடி ஆழத்தில் சிலிண்டர் இருந்தால் பத்துக் குழாயைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, வாஷரை மாற்றி, மறுபடி ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். நாலைந்து பேரும் தனிக் கருவிகளும் ஒரு வண்டியும் இல்லாமல் நடக்காது. வண்டி மாவட்டத் தலைநகரில் நிற்கும். டிரைவர் இருக்கும் நாளில் டீசல் இருக்காது. டீசல் இருக்கும் நாளில் வாஷர் ஸ்டாக் தீர்ந்திருக்கும். சில ரூபாய் வாஷருக்காக ஒரு ஊர் வாரக்கணக்கில் பக்கத்து ஊருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்.

கிணறு தோண்டுவதைத் தலைநகரிலிருந்து செய்யலாம். உத்தரவு போட்டால் போர்வெல் வண்டி வரும், துளை விழும், அமைச்சர் வந்து பம்பை நாலு அடி அடித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். வாஷர் மாற்றுவதைத் தலைநகரிலிருந்து செய்ய முடியாது. பல்லாயிரம் பம்புகள் வைத்த அமைச்சருக்கு இது மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். தண்ணீர் கொடுத்த மனிதரே அதிகாரத்தையும் பிரித்துக் கொடுக்கப் போனதற்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம். ஹெக்டேவுக்கும் அவருடைய ஜனதா கட்சிக்கும் ஜெயப்பிரகாஷ் நாராயண் வழியில் வந்த கொள்கைப் பிடிப்பு இருந்தது, அது தனி. பஞ்சாயத்து ராஜை ஆராய மத்திய அரசு போட்ட அசோக் மேத்தா குழு 1978இல் கொடுத்த அறிக்கையும் தயாராகக் கையில் இருந்தது. ஆனால் கொள்கையும் அறிக்கையும் பல மாநிலங்களில் இருந்தன. துறைக்கு ஒரு நசீர் சாப் இல்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1983இலேயே மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. பெயர் கொஞ்சம் நீளம்: ஜில்லா பரிஷத், தாலுகா பஞ்சாயத்து சமிதி, மண்டல் பஞ்சாயத்து, நியாய பஞ்சாயத்துச் சட்டம். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்க டெல்லிக்குப் போனது. அங்கே காங்கிரஸ் ஆட்சி, இங்கே ஜனதா. 1985இல்தான் ஒப்புதல் கிடைத்தது. தேர்தல் 1987 ஜனவரியில். அமைச்சரான நாள் தொட்டுக் கணக்குப் போட்டால், நினைத்தது தரையில் இறங்க நாலு வருடம். பொறுமை இழந்து வேறு துறை கேட்டு வாங்கிக்கொண்டு போகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

அதற்கு முன் அங்கே 1959ஆம் வருடத்துச் சட்டம் இருந்தது. தாலுகா போர்டுக்குக் கொஞ்சம் உயிர் இருந்தது. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் ஒரு கவுன்சில், ஆலோசனை சொல்லிக் கலையும். நம் ஊரிலும் ஏறக்குறைய அதே கதைதான். பழைய ஜில்லா போர்டை 1958ஆம் வருடச் சட்டத்தில் எடுத்துவிட்டு, ஆட்சியர் தலைமையில் மாவட்ட வளர்ச்சி மன்றம் வைத்தார்கள். மாவட்டம் என்பது ஆட்சியருடையது. வெள்ளைக்காரன் வரி வசூலுக்குப் போட்ட பதவி, அவன் போனபின்னும் மாவட்டத்தின் எல்லாமாகவும் நீடித்தது.

நசீர் சாபின் சட்டம் அதைப் பிடித்து ஆட்டியது. மாவட்டத்துக்கு நேரடித் தேர்தல் வழியாக ஜில்லா பரிஷத். அதன் தலைவருக்கு, அவர்கள் ஊர் வழக்கில் அத்யக்ஷருக்கு, இணை அமைச்சர் அந்தஸ்து. உபாத்யக்ஷருக்குத் துணை அமைச்சர் அந்தஸ்து. அடுத்ததுதான் முக்கியம். ஜில்லா பரிஷத்தின் நிர்வாகத்தை நடத்த ஒரு ஐஏஎஸ் அதிகாரி. பதவியின் பெயர் தலைமைச் செயலாளர். அவர் அந்த மாவட்ட ஆட்சியரைவிடப் பணியில் மூத்தவராக இருப்பார். அந்த மூத்த அதிகாரி, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்குக் கீழே வேலை செய்வார்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு இந்த வரியின் கனம் புரியாமல் போகலாம். சீனியாரிட்டி என்பது எங்கள் உலகத்தில் சாதியைப் போல. யார் எழுந்து நிற்பது, யாருடைய போனை யார் எடுப்பது, யார் கூப்பிட்டால் யார் போவது எல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. ஆட்சியரைவிட ஜூனியரை ஜில்லா பரிஷத்துக்குப் போட்டிருந்தால், அவர் முதல் வாரமே ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் “சார், என்ன செய்யலாம்?” என்று கேட்டிருப்பார். பரவலாக்கம் அன்றைக்கே முடிந்திருக்கும். மூத்தவரைப் போட்டதால் ஆட்சியர் அந்தப் பக்கம் வரவில்லை. நிலவருவாய், சட்டம் ஒழுங்கு என்று தன் வேலையைப் பார்த்தார். அரசியலமைப்புக் கோட்பாடு படித்தவர்கள் எழுதக்கூடிய வரியல்ல இது. அலுவலகங்களின் வாசலில் நின்று காத்திருந்து பழகியவர்களுக்குத்தான் தோன்றும்.

பணமும் ஆளும் கூடவே போயின. மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையை ஜில்லா பரிஷத்தோடு இணைத்தார்கள். மத்திய அரசுத் திட்டங்களின் பணம் ஆட்சியர் வழியாக வருவது நின்றது. தொடக்கப்பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருந்தகம், விவசாய விரிவாக்கம் என்று மாவட்டத்தில் இருந்த பெரும்பாலான வளர்ச்சித் துறை ஊழியர்கள் ஜில்லா பரிஷத்தின் கீழ் வந்தார்கள். மாநில பட்ஜெட்டில் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு என்று தனியாகப் பிரித்து அச்சடித்துக் காட்டினார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நிதி ஆணையம் போட்டு உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு என்று முடிவு செய்யவும் சட்டத்தில் இடமிருந்தது. பின்னாளில் இது அரசியலமைப்பிலேயே ஏறியது.

கீழே மண்டல் பஞ்சாயத்து. எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் மக்கள்தொகை கொண்ட கிராமங்களின் கூட்டத்துக்கு ஒன்று. மாநிலம் முழுக்கச் சுமார் 2,500. பெண்களுக்கு 25 சதவீத இடம். ஒரே தேர்தலில் 50,000க்கும் அதிகமானோர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், அதில் நாலில் ஒருவர் பெண். மூன்றில் ஒரு பங்கு என்று இந்தியா முழுவதும் சட்டமாவதற்கு ஆறு வருடம் முன்பு இது.

கட்சிச் சின்னத்தில் தேர்தல் நடந்தது. ஆளுங்கட்சி எல்லா இடத்திலும் ஜெயிக்கவும் இல்லை. பல மாவட்டங்கள் காங்கிரஸ் கைக்குப் போயின. அந்த ஜில்லா பரிஷத்துகளுக்கும் அதே பணம், அதே அதிகாரம், அதே இணை அமைச்சர் அந்தஸ்து. சட்டம் எழுதும்போது நல்லவராக இருப்பது சுலபம். எதிர்க்கட்சிக்காரன் தன் சட்டத்தாலேயே மாவட்டத்தின் ராஜாவாகி எதிரே உட்காரும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். இங்கே எந்தக் கட்சியாவது அப்படி இருந்ததுண்டா என்று நான் கேட்கப்போவதில்லை; பதில் எல்லோருக்கும் தெரியும்.

என்ன பலன் கிடைத்தது? ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த கே.எஸ். கிருஷ்ணசாமி தலைமையில் மாநில அரசே ஒரு குழு போட்டுப் பார்த்தது. 1989இல் அறிக்கை வந்தது. பள்ளிக்கு வாத்தியார் ஒழுங்காக வருவதும், சுகாதார நிலையத்தில் ஊழியர்கள் இருப்பதும் கூடியிருக்கிறது என்பது அதில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் விஷயம். பெரிய புரட்சி போலத் தெரியாது. ஆனால் கிராமத்தில் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களைக் கேளுங்கள். வாத்தியார் வருவதுதான் கல்வி. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

சாம்ராஜ்நகர் பக்கத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் சம்பந்தி வழியில் பழக்கம். நம் எல்லையோரத்து ஆட்கள் போலக் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் அவருக்கு இன்னும் கோபம் வரும். “அதுவரைக்கும் இன்ஸ்பெக்டர் வருவார்னா ரெண்டு நாள் முன்னாடியே தெரியும் சார். மண்டல் மெம்பர் அப்படியா? அவன் பையனே என் கிளாஸ்ல உட்கார்ந்திருக்கான். நான் பஸ்ஸை விட்டுட்டு பத்து நிமிஷம் லேட்டா போனா சாயங்காலம் டீக்கடையில கேள்வி கேட்பான்.” எட்டாவதுகூடத் தாண்டாத ஒருவன் தன்னைக் கேள்வி கேட்டது அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் சொன்னது புகார்தான். நசீர் சாபுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் யார் கொடுத்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. அதிகாரம் பெங்களூரிலிருந்து கிளம்பி மாவட்டத் தலைநகரில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது என்று அப்போதே சொன்னார்கள். மண்டல் பஞ்சாயத்துக்கு வந்தது மிச்சம் மீதிதான். சட்டமன்ற உறுப்பினர்களைச் சமாதானப்படுத்த தாலுகா சமிதிக்கு அவர்களையே தலைவராக்கினார்கள். அது தேர்தல் இல்லாத ஆலோசனைச் சபை. மண்டல்களில் லிங்காயத்து, ஒக்கலிகர் சமூகங்களின் நிலக்காரக் குடும்பங்கள் கை ஓங்கியது. பெண்களுக்கும் தலித்துகளுக்கும் உறுப்பினர் இடங்கள் இருந்தன, தலைவர் பதவிகளில் இடஒதுக்கீடு இல்லை. பெண் உறுப்பினருக்குப் பதிலாகப் புருஷன் கூட்டத்துக்கு வந்த கதைகள் அங்கும் உண்டு. ஊர் வழக்குகளைத் தீர்க்க வேண்டிய நியாய பஞ்சாயத்து, சட்டத்தின் பெயரோடு நின்றுவிட்டது.

கிராம சபை விஷயம் இன்னும் வேடிக்கை. வருடத்துக்கு இருமுறை கூட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஆரம்பத்தில் உற்சாகமாகக் கூட்டினார்கள். வீடு கட்டும் திட்டத்தில் என் பெயர் ஏன் இல்லை, பக்கத்துத் தெருவுக்கு விளக்கு வந்தது எங்கள் தெருவுக்கு எங்கே என்று ஜனங்கள் நேருக்கு நேர் கேட்க ஆரம்பித்ததும் மண்டல் பிரதான்களுக்கு, அதாவது மண்டல் தலைவர்களுக்கு, வயிற்றைக் கலக்கியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதைத் தவிர்த்தார்கள். அமைச்சர் தனக்கு மேலிருந்து வாங்கிக் கொடுத்ததை, வாங்கியவர் தனக்குக் கீழே கொடுக்க மனமில்லாமல் நின்றார். இந்த வியாதிக்கு எந்தச் சட்டத்திலும் மருந்து எழுதிப் பார்த்ததில்லை.

அப்புறம் நடந்தது சீக்கிரம் சொல்லிவிடலாம். 1988இல் ஹெக்டே பதவி விலகினார். அதே வருடம் நசீர் சாப் போனார். 1989 நவம்பர் தேர்தலில் ஜனதா தோற்றது. புதிதாக வந்த காங்கிரஸ் ஆட்சிக்கு இந்த அமைப்பின் மேல் பிரியம் இல்லை. சட்டமன்ற உறுப்பினர்களுக்கு முதலிலிருந்தே இல்லை. தங்கள் தொகுதியில் தங்களைவிடப் பெரிய நாற்காலி ஒன்று இருப்பதை எந்த எம்.எல்.ஏ. விரும்புவார்? 1992 தொடக்கத்தில் ஐந்து வருடம் முடிந்தது. மறுதேர்தல் வைக்காமல் நிர்வாகிகளை உட்கார வைத்தார்கள். மீண்டும் அதிகாரி ஆட்சி.

இதற்கிடையில் டெல்லியில் ராஜீவ் காந்தி பஞ்சாயத்துகளுக்காக 64ஆவது அரசியலமைப்புத் திருத்த மசோதா கொண்டுவந்தார். 1989இல் மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவையில் தோற்றது. மாநிலங்களைத் தாண்டி டெல்லி நேரடியாகக் கிராமத்தில் கைவைக்கப் பார்க்கிறது என்பது எதிர்த்தவர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பிறகு நரசிம்ம ராவ் ஆட்சியில் 73ஆவது திருத்தம் நிறைவேறி 1993 ஏப்ரல் 24ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கொரு தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநில நிதி ஆணையம் எல்லாம் கட்டாயமாயின. கர்நாடகச் சட்டத்தில் இருந்த பல விஷயம் இதில் வந்துசேர்ந்தது. வராமல் போனது எது தெரியுமா? அந்த ஒரு வரிதான். ஆட்சியரைவிட மூத்த அதிகாரி, தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குக் கீழே. அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டார்கள். விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு நல்ல உதாரணம்.

1994இல் நமக்கும் புதிய ஊராட்சிகள் சட்டம் வந்தது. அதற்கு முன் உள்ளாட்சித் தேர்தல் என்பது இங்கே எப்போதாவது வரும் வால் நட்சத்திரம். 1970க்குப் பிறகு 1986, அதற்குப் பிறகு 1996. சட்டம் வந்தபின் ஒழுங்குக்கு வந்தது. 2016இல் முடிந்த காலத்துக்குப் பிறகு மறுபடி மூன்று வருடம் தனி அலுவலர் ஆட்சி. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்கும் 2021 அக்டோபரில் மீதி ஒன்பதுக்கும் தேர்தல். தேர்தலாவது நடந்தது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மாவட்ட ஊராட்சித் தலைவராகக் கடைசியாக வந்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்சியர் பெயர் சட்டென்று வரும், இது வராது. தப்பு உங்களுடையதல்ல. அந்தப் பதவிக்கு ஒரு அறையும் ஒரு காரும் உண்டு, மாவட்டத்தை ஆட்டிவைக்கும் நூல் ஒன்றுகூடக் கையில் இல்லை. திட்டப் பணம் ஆட்சியர் வழியாகத்தான் வரும். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பதவியும் ஆட்சியருக்கே. சட்டத்தின் 205ஆவது பிரிவில் நடவடிக்கை எடுத்து ஓர் ஊராட்சித் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கவும் அவரால் முடியும். ஓட்டுப் போட்டு வைத்தது ஊர், எடுப்பது அதிகாரி.

ஊராட்சி அளவில் என் காலத்தில் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். காசோலையில் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத்தலைவரும் போட வேண்டும். கணக்கில் நேர்மை இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். நடைமுறையில், தலைவர் தனித்தொகுதியில் ஜெயித்த பெண்ணாகவும் துணைத்தலைவர் ஊர்ப் பெரிய வீட்டுக்காரராகவும் இருக்கும் இடத்தில், அந்த இரண்டாவது கையெழுத்து ஒரு மூக்கணாங்கயிறு. பம்பு ஆபரேட்டருக்குச் சம்பளச் செக் மூன்று மாதம் கிடக்கும். “அவர் ஊர்ல இல்லீங்க சார்” என்று தலைவரம்மா வந்து நிற்பார். அவர் ஊரில்தான் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இப்படி ஒரு பிரசிடெண்ட் அம்மா அடிக்கடி வருவார். வட்டார வளர்ச்சி அலுவலரான பிடிஓவின் அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. அதில்தான் உட்கார்ந்திருப்பார். கையில் மஞ்சள் பை, அதற்குள் தீர்மான நோட்டு. ஒரு தெருவுக்குக் குடிநீர்க் குழாய் நீட்ட வேண்டும். ஊராட்சியில் தீர்மானம் போட்டாயிற்று. எஸ்டிமேட் போட ஓவர்சீயர் வர வேண்டும். ஓவர்சீயருக்கு மேலிருந்து வந்த திட்ட வேலைகள் தலைக்கு மேல் கிடக்கின்றன. அவரைக் கண்டிக்கும் அதிகாரம் இந்த அம்மாவுக்குக் கிடையாது. உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருக்கும். வெளியே இவர். பியூன் டீ வாங்கிக்கொண்டு உள்ளே போகும்போது இவருக்கு ஒன்று வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ஆயிரக்கணக்கான ஓட்டு வாங்கியவர் தீர்மான நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, சில வருட சர்வீஸ் உள்ள ஓர் உதவிப் பொறியாளர் நிமிர்ந்து பார்க்கட்டும் என்று காத்திருப்பார். அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் 29 துறைகள் அவருக்கென்று எழுதியிருக்கிறது.

கர்நாடகத்தில் இன்றைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 1993இல் அங்கும் புதிய சட்டம் வந்தது. மண்டலைக் கலைத்துவிட்டுச் சிறிய கிராம பஞ்சாயத்துகளாக்கினார்கள். ஜில்லா பஞ்சாயத்தின் தலைமைச் செயலாளர் பதவி, தலைமை நிர்வாக அதிகாரியானது. 2021இல் ஜில்லா, தாலுகா பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தபோது தொகுதி மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று தேர்தலைத் தள்ளிப் போட்டார்கள். வருடக்கணக்காகத் தள்ளிக்கொண்டே போனது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதில் பெரிய அவசரம் காட்டவில்லை. மைசூரில் உள்ள மாநில கிராம வளர்ச்சிப் பயிற்சி நிறுவனத்துக்கு அப்துல் நசீர் சாப் பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளாட்சி உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் அது. ஜில்லா பஞ்சாயத்து உறுப்பினர் என்று ஒருவர் இருந்தால்தானே வகுப்புக்கு வருவார்?

இதையெல்லாம் நான் பேசும்போது என் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஒரேயடியாக மறுப்பார். அவர் வாதத்தையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். “நம்ம ஊர்ல பஞ்சாயத்துக்கு அதிகாரம் இல்லைதான். அதனால என்னய்யா கெட்டுப் போச்சு? சத்துணவு நடக்குது, ரேஷன் அரிசி வருது, ஆரம்ப சுகாதார நிலையத்துல மருந்து இருக்கு. கலெக்டருக்கு ஒரு உத்தரவு போட்டா கன்னியாகுமரியிலிருந்து திருவள்ளூர் வரைக்கும் ஒரே மாதிரி நடக்குது. பஞ்சாயத்துக்கு அள்ளிக் கொடுத்த மாநிலமெல்லாம் நம்மளவிட எதுல முன்னாடி இருக்கு?” கேரளத்தைச் சொன்னால், அது பஞ்சாயத்துக்கு முன்னாலேயே படித்த மாநிலம் என்று அடைத்துவிடுவார்.

அவர் சொல்வதில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். முட்டை எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஒரே முட்டைதான். அரிசி ஒரே அரிசி. எல்லா ஊருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதைத் தலைநகர் நன்றாகவே செய்யும். தமிழ்நாடு அதைப் பெருமையாகவே செய்திருக்கிறது. ஆனால் சாக்கடை எந்தப் பக்கம் சரிகிறது, குப்பையை எங்கே கொட்டலாம், ஏரியில் மண் எடுக்க யாரை விடலாம், காலனிக்குத் தண்ணீர் காலையில் வருகிறதா நடு ராத்திரியில் வருகிறதா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு. இதில்தான் நம் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளும் திணறுகின்றன. நம் கிராமங்களுக்குப் போனால் ரேஷன் கடை ஒழுங்காக இருக்கும், அதற்கு வெளியே சாக்கடைத் தண்ணீர் தேங்கி நிற்கும். முதலாவதற்குச் சென்னையில் ஆள் இருக்கிறார். இரண்டாவதற்கு ஊரில் ஆள் இருக்கிறார், கையில் அதிகாரம் இல்லை.

நண்பர் இதற்கும் பதில் வைத்திருக்கிறார். அந்த ஆளிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் சாக்கடை கட்டமாட்டார், சொந்தக்காரனுக்கு ஒப்பந்தம் கொடுப்பார் என்பார். கொடுக்கட்டும், அடுத்த தேர்தலில் அதே தெருவில் வந்து ஓட்டுக் கேட்க வேண்டுமே என்பேன் நான். ஒன்றிய அலுவலகத்தில் இருந்துகொண்டு கமிஷன் வாங்கியவரை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது என்று கேட்டால் மட்டும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அப்புறம் பேச்சை மாற்றி, பென்ஷன் அரியர் வந்துவிட்டதா என்று கேட்பார்.